கடலில் முழுகிய முகூர்த்தச் சேலை

டர்ர்ர்ர்…

கத்தரியால் ஓரத்தில் ஒரு நறுக்கு வைத்து, இரண்டு கையாலும் இழுத்துத் துணியைக் கிழிக்கிற சத்தம். தவசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது உசிலம்பட்டிச் சந்தையில் கேட்டது. அந்தச் சத்தம் இருந்தால் அது துணிக்கடை, இல்லாவிட்டால் வேறு ஏதோ என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். நாற்பது வயது வரை அந்தத் தீர்மானத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

வந்தது தங்கை செல்லக்கிளியின் கல்யாணத்தில். சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போன் போட்டு அவள் முகூர்த்தச் சேலைக்குச் சொல்லி, பணமும் அனுப்பியிருந்தாள். வாங்கிவரத் தவசியும் தம்பிகள் கொண்டலும் மாயழகும் கிளம்பினார்கள்.

“அண்ணே, அது பெரிய இடம். அங்க இருக்கிறவங்க எப்படி இருக்காங்களோ அப்படியே இருங்க. சேலை கைக்கு வந்தா, வீடு வந்து சேர்ற வரைக்கும் கையை விட்டு இறக்கக் கூடாது. நாளன்னைக்கு முகூர்த்தம். எனக்கு வேற சேலை இல்ல.”

மூவரும் தலையாட்டினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்தக் குடும்பத்தின் கஷ்டமே அதுதான்.

நுங்கம்பாக்கத்தில் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்தால், கூட்டமில்லை, கூச்சலில்லை. துணி கிழிகிற சத்தம் மருந்துக்கும் இல்லை. வெள்ளைச் சுவர். மூலையில் ஊதுவத்தியும் ஒற்றை விளக்கும். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரே ஒரு சேலை தொங்கியது. கறுப்பு உடுப்பில் இரண்டு பெண்கள் கைகட்டி நின்றார்கள். சோபாவில் முதலாளியம்மா வெள்ளைச் சேலையும் விரித்த தலையுமாக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பொட்டில்லை.

தவசி செருப்பைக் கழற்றினார்.

“சாவு விழுந்த வீடுடா,” என்றார் மெதுவாக.

“யாருண்ணே?” என்றான் கொண்டல்.

“அந்தம்மா நெத்தியைப் பாரு. வீட்டுக்காரராத்தான் இருக்கும்.”

“அப்புறம் எதுக்குக் கடையைத் திறந்து வச்சிருக்காங்க?”

“நம்ம சேலைக்காகத்தான். சொன்ன தேதிக்குக் குடுக்கணும்ல? எவ்வளவு பெரிய மனசு!”

மாயழகுக்கு அழுகை பொங்கிவிட்டது. முகம் துடைத்துக்கொள்ளக் கறுப்புடைப் பெண் எலுமிச்சை வாசத்தோடு ஈரத்துண்டுகள் கொண்டு வந்தாள். “அழுகிறவங்களுக்குத் துண்டுகூட வச்சிருக்காங்களே,” என்று கொண்டலும் விசும்பினான். மூவரும் வரிசையாகப் போய், துக்கம் கேட்கிற முறைப்படி கையை நீட்டினார்கள். ஊர்ப்பக்கத்து வணக்கம் போலிருக்கிறது என்று முதலாளியம்மா ஒவ்வொரு கையாகத் தொட்டுக் கொடுத்தார்.

சேலை வந்தது. சந்தன நிறம், அரக்குக் கரை. தவசி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதல்லவா? திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

“போயிட்டு வாங்க சார்!” என்றாள் அந்தப் பெண்.

“பாவம், சொல்லிக்குடுக்கப் பெரியவங்க இல்லாத பிள்ளை,” என்றான் கொண்டல்.

துக்கம் கேட்டால் தலை முழுக வேண்டும். கடற்கரைக்குப் போனார்கள். அலை ஓரத்தில் மாநாடு கூடியது.

“சேலையை மணல்ல வச்சிட்டு முழுகுவோம்,” என்றான் மாயழகு.

“இறக்கக் கூடாதுன்னு தங்கச்சி சொன்னது காதுல விழலையா?” என்றார் தவசி.

“அப்ப நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீங்க முழுகுங்க.”

“நீயும் அந்த வீட்டுக்குள்ள போனவன்தானேடா? தீட்டோட நிப்பியா?”

கொண்டல் அண்ணன் கையிலிருந்த சேலையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: “அண்ணே, நாம நுழையிறதுக்கு முன்னாலயே சேலை அந்த வீட்டுலதானே இருந்துச்சு? நம்மளவிட அதுக்குத்தானே தீட்டு அதிகம்?”

தவசிக்கு உடம்பு சிலிர்த்தது. தங்கச்சி வாழப்போகிற வாழ்க்கை! நல்லவேளை, தம்பிக்கு மூளை இருந்தது. சேலையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முதலில் அவர்தான் இறங்கினார். மூன்று முழுக்கு. சேலைக்கு மட்டும் கூட ஒன்று.

வீட்டில் செல்லக்கிளி பிரித்துப் பார்த்தாள். அரக்குச் சாயம் சந்தன நிறத்தில் அலை அலையாக இறங்கியிருந்தது. அவள் திட்டவில்லை. அந்த அலைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சேலையைக் கொடியில் உலரப் போட்டாள். விடிந்ததும் அதையே கட்டிக்கொண்டு மணவறைக்குப் போனாள்.

மாப்பிள்ளையின் சித்தி மகள் சென்னைக்காரி. தாலி கட்டுகிறபோதுகூட அவள் கண் சேலையைவிட்டு நகரவில்லை. அடுத்த வாரமே அந்தக் கடைக்குப் போய், அலையோடிய சேலைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவளைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். அது தங்கள் கடையில் வாங்கிக் கடலில் முழுக்கிய சேலை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, முதலாளியம்மா தவசிக்கு ஆள் அனுப்பினார்.

தவசி இப்போது அந்தக் கடையில்தான் வேலை பார்க்கிறார். மாதச் சம்பளத்தை அந்த அம்மாவின் கணவர் கையால் வாங்கிக்கொள்கிறார். இவ்வளவு சீக்கிரம் அந்த அம்மா மறுமணம் செய்துகொண்டாரே என்று ஒரு வருத்தம் உண்டு, வெளியே காட்டிக்கொள்வதில்லை. கடலில் சேலை முழுக்குவது அவர் பொறுப்பு. ஆனால் துக்கம் கேட்காமல் சும்மா முழுக மாட்டார். தெரிந்தவர்கள் யாரும் சாகாத மாதங்களில் அந்தக் கடையில் புதுச் சேலை கிடையாது.