தவிட்டுக்குருவி வாய் திறந்த கதை

அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் பறவைகளை நிறுத்தி வழி கேட்பார்கள். பறவைகளும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் பறக்கும். பேச்சு எல்லா உயிருக்கும் பொதுவாக இருந்தது. தவிட்டுக்குருவி மட்டும் பேசாது.

படைத்தவன் பறவைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்தபோது கிளிக்கு நிறம் கிடைத்தது, வல்லூறுக்கு நகம் கிடைத்தது, மைனாவுக்குத் துணிச்சல் கிடைத்தது. தவிட்டுக்குருவி கூச்சப்பட்டுக் கடைசியில் நின்றது. அதன் முறை வந்தபோது மிச்சம் இருந்தது மௌனம் ஒன்றுதான். அதுவும் மோசமில்லை. உடம்போ தவிட்டு நிறம். சருகுக்குள் நின்றால் அதுவும் ஒரு சருகு. வாயைத் திறக்காத வரைக்கும், மேலே சுற்றுகிற வல்லூறுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புதரடியில் தனியாக இருந்து, சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்று காலம் தள்ளியது. குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வந்ததும் தாய் அதன் காதில் ஒன்றைச் சொல்லும்: "வாயைத் திறந்தால் வல்லூறு." அதற்குப் பிறகு அவசியம் இருந்தாலொழிய முணுமுணுப்புக்கூடக் கிடையாது.

அப்போது ஒரு கரட்டின் அடிவாரத்தில் செங்கோடனும் அவன் மனைவி பாவாயியும் இருந்தார்கள். செங்கோடனுக்குச் சோளக்காட்டுக் காவல். கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுப்பு முடியும் வரை பரண்மேல் உட்கார்ந்து கவண் வீசுவான். அவன் குறிக்குத் தப்பிய பறவை குறைவு. ஒரு நாள் காட்டுக்கு வேலி கட்டுவதற்காகக் கள்ளியை வெட்டினான். பால் தெறித்து இரண்டு கண்ணிலும் விழுந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். பிள்ளை பெற்ற ஒருத்தி வந்து தாய்ப்பால் விட்டாள். பார்வை திரும்பவில்லை.

காவல் வேலை போனது. பாவாயி களையெடுக்கப் போனால்தான் அடுப்பெரியும் என்று ஆயிற்று. அவள் போன பிறகு செங்கோடன் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். அவர்கள் வீட்டுக்குப் பறவை எதுவும் வராது. கவண்காரன் வீடு என்று எல்லாவற்றுக்கும் தெரியும்.

"விடிஞ்சிருச்சா, பாவாயி?" என்று கேட்பான்.

"உச்சி வெயிலுங்க மாமா. கஞ்சி ஆறிப்போகுது, குடியுங்க."

"வேண்டாம் புள்ள."

"ஏனுங்க, நேத்தும் இப்படித்தான் வெச்சதை வெச்சபடி விட்டுட்டீங்க."

"பரண்மேல இருந்தப்ப என்ன சத்தம்! எந்தக் குருவி எந்தப் பக்கம் வருதுன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். இப்பக் கண்ணு மூடியே கெடக்குது, ஒரு சத்தத்தையும் காணோம். நீ காட்டுக்குப் போயிட்டா நான் இருக்கறனா இல்லையான்னே எனக்குத் தெரியறதில்ல."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையில் எலும்பு தெரிந்தது. வேஷ்டி இடுப்பில் நிற்கவில்லை. இப்படியே போனால் இந்த மனிதர் இருக்கமாட்டார் என்று பாவாயிக்குத் தெரிந்துவிட்டது. நான் வீட்டில் உட்கார்ந்தால் உலை வைக்க முடியாது. நான் இல்லாத பொழுதில் இவர் பக்கத்தில் ஏதாவது ஒரு சத்தம் இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் புழக்கடையை ஒரு தூசி இல்லாமல் கூட்டினாள். சாணி தெளித்தாள். நொய்யை அள்ளி இறைத்து, சட்டியில் தண்ணீரும் வைத்தாள். எதுவும் வரவில்லை. நொய்யை எறும்பு இழுத்துப் போனது. அதற்கு அடுத்த நாள் இன்னும் சுத்தமாகக் கூட்டினாள். அன்றைக்கும் வரவில்லை.

பறவைகளை நேரிலேயே போய் அழைப்பதென்று ஆலமரத்தடிக்குப் போனாள்.

"யார் வீட்டுக்கு? செங்கோடன் வீட்டுக்கா?" என்றது கிளி. "எங்க பெரியப்பன் வால் எங்கே போச்சுன்னு அந்த ஆளைக் கேட்டுச் சொல்லு. அப்புறம் வர்றேன்."

மைனா ஒரு கிளை கீழே இறங்கி வந்து உட்கார்ந்தது. "கண்ணு இருந்தப்பக் கல்லு, கண்ணு போனப்புறம் நொய்யா? நல்லா இருக்குது தாயி உங்க நியாயம்!"

"அவரு காவல்காரருங்க சாமி. ஊர்ச் சோளத்தைக் காக்கறது அவரு பொழப்பு."

"தின்கிறது எங்க பொழப்பு. எங்களை விட்டாரா?"

பாவாயி திரும்பி நடந்தாள். மைனா சொன்னதிலும் தப்பில்லை. வரும் வழியில் ஓர் ஆவாரம் புதரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

புதருக்குள் சருகு அசைந்தது.

"அழாதே அக்கா." யாரோ காதோடு பேசுவதுபோல இருந்தது. குனிந்து பார்த்தாள். சருகுக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு தவிட்டுக்குருவி நின்றது. "உன் ஆள் எங்களை அடிச்சதில்லை. நாங்க கதிர் பக்கமே போறதில்லையே. நீ நொய் போட்டது தெரிஞ்சு நான் உன் வேலி வரைக்கும் வந்தேன்."

"வந்தியா? அப்புறம் ஏன் அம்மிணி உள்ள வரல?"

"உள்ளே என்ன இருக்குது?"

"பார்த்துப் பார்த்துக் கூட்டி வெச்சிருக்கறனே! விருந்தாளி வர்ற எடம் குப்பையாக் கெடக்கலாமா?"

குருவி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. "எங்களுக்கு அது கழுவிக் கவுத்த சட்டி. சருகு இருந்தாத்தான் அடியில புழு இருக்கும். ஓடி ஒளிய ஒரு புதரும் வேணும். நீ சீமாறால கூட்டிக்கிட்டே இருக்கிற வரைக்கும் எங்களுக்கு அங்கே சோறில்லை."

பாவாயி வீட்டுக்குப் போனதும் சீமாறைத் தூக்கிக் கூரை எரவாணத்தில் செருகினாள். பூவரசும் வேம்பும் உதிர்த்த இலை உதிர்ந்தபடியே கிடந்தது. வேலியோரத்துச் செடியையும் வெட்டாமல் விட்டாள். பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி பாவாயி, தேஞ்சது சீமாறா, உன் கையா?"

"ரெண்டும் இருக்குதுங்க அக்கா. குருவிக்காக விட்டிருக்கறேன்."

"குப்பை சேர்ந்தா குருவியா வரும்? பாம்புதான் வரும்!"

"மொதல்ல குருவி வரட்டுங்க" என்று சொல்லிவிட்டு பாவாயி உள்ளே போனாள்.

குருவி சொன்னபடியே சருகடியில் புழு சேர்ந்தது. முதலில் அது மட்டும் வந்தது. சருகடியில் தீனி நிறைய இருப்பதைப் பார்த்து, வேறு புதர்களில் இருந்த தன் கூடப்பிறந்தவைகளுக்கும் சொல்லிவிட்டது. அவையும் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் வந்தவை ஆளுக்கொரு மூலையில் ஓசைப்படாமல் இரை எடுத்தன.

பாவாயி முதல் குருவியிடம் போய் மெதுவாகக் கேட்டாள். "அம்மிணி, அவருக்குக் கண்ணு தெரியாது. ஒரு தரம் வாயைத் திறந்து கத்தினீன்னா போதும்."

"அதை மட்டும் கேட்காதே அக்கா. எங்ககிட்ட இருக்கிறதே இந்த மௌனம் ஒண்ணுதான். வாயைத் திறந்தால் வல்லூறு."

அவள் வற்புறுத்தவில்லை. உயிரைக் கேட்க முடியுமா? உள்ளே போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

"மாமா, குருவிக வந்திருக்குதுங்க. பூவரசு மரத்தடி பூராவும் குருவிதான்."

செங்கோடன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். வெகுநேரம் கேட்டான். காற்றில் இலை உரசுவதுதான் கேட்டது.

"ஒண்ணும் கேக்கலையே."

"அதுக சத்தம் போடாதுங்க."

"சத்தம் போடாத குருவி!" செங்கோடன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாவாயிக்குப் பிடிக்கவில்லை. "நான் சோறு திங்கோணுமின்னு நீ என்ன பொய் வேணும்னாலும் சொல்லுவே புள்ள. நீ நல்லவ. ஆனா குருடன்கிட்டப் பொய் சொல்லாத."

பாவாயி எத்தனையோ பாடுபட்டிருக்கிறாள். அந்தச் சொல்லைப்போல எதுவும் சுட்டதில்லை. கஞ்சியை அவன் பக்கத்தில் மூடி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனாள்.

அவள் காலடிச் சத்தம் தேய்ந்ததும் வீடு மறுபடியும் ஒன்றுமில்லாமல் ஆனது. செங்கோடனுக்குத் தான் சொன்னது உறுத்தியது. ஒருவேளை உண்மையாகவே வந்திருந்தால்? காதுக்குத் தெரியாவிட்டால் கைக்குத் தெரியுமே என்று தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பின்கதவைத் தடவித் திறந்து, செருப்பில்லாத காலோடு புழக்கடையில் இறங்கினான். கையை முன்னால் நீட்டிக்கொண்டு பூவரசு மரத்தை நோக்கி நடந்தான். காலடியில் சருகு நொறுங்கியது.

குருவிகள் அவனைப் பார்த்து ஒதுங்கி நின்றன. அவனுக்கு முன்னால், மரத்தடிச் சருகில், இன்னொன்று சுருண்டு கிடந்ததையும் அவை பார்த்தன. கண்ணாடிவிரியன். கருப்பாத்தாள் சொன்னது பலித்துவிட்டது. சருகின் நிறமே அதற்கும்.

செங்கோடன் அடுத்த காலைத் தூக்கினான். இறக்கினால் அதன்மேல்தான்.

முதல் குருவிக்குத் தன் தாய் காதில் சொன்னது நினைவில் இருந்தது. மேலே வானத்தில் வல்லூறு வட்டமடிப்பதும் அதற்குத் தெரியும். சும்மா இருந்தால் யாரும் அதைக் குறை சொல்லப் போவதில்லை. அது பேசாத பறவை என்பது ஊருக்கே தெரியும்.

"நில்லு!" என்று கத்தியது. "காலை இறக்காதே! நில்லு! நில்லு!"

பிறந்ததிலிருந்து அடக்கி வைத்த குரல். கரகரவென்று, பானை ஓட்டைக் கல்லில் தேய்த்ததுபோல இருந்தது. செங்கோடன் தூக்கிய காலோடு நின்றுவிட்டான். விரியன் சீறிக்கொண்டு தலையைத் தூக்கியது.

மற்றக் குருவிகள் ஓடியிருக்கலாம். அவற்றுக்குப் புதர் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் தங்கள் கூடப்பிறந்தவள் நடுவெளியில் நின்று தனியாகக் கத்துவதைப் பார்த்ததும் அவற்றால் முடியவில்லை. மூலைக்கு மூலையிலிருந்து குதித்து வந்தன. சிறகை அடித்துக்கொண்டு, பாம்பைச் சுற்றி நின்று, ஒரே குரலாகக் கத்தின. விரியன் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் கத்தின. அதற்குப் பொறுக்கவில்லை. வேலிப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"இப்பக் காலை இறக்கு" என்றது குருவி.

செங்கோடன் காலை இறக்கினான். அப்படியே சருகில் உட்கார்ந்தான்.

"யாரு நீங்க?"

"தவிட்டுக்குருவிங்க."

"எப்ப வந்தீங்க?"

"வந்து ரொம்ப நாளாச்சு. இங்கேதான் இருக்கறோம்."

"அப்ப அவ சொன்னது..." என்று செங்கோடன் தொடங்கினான்.

அதற்குள் வெயிலை ஒரு நிழல் வெட்டியது. சத்தம் கேட்டு வல்லூறு இறங்கிவிட்டது. இனி மறைவதில் பயனில்லை என்று குருவிகளுக்குத் தெரிந்தது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி, பாம்பை நோக்கிக் கத்தியதைவிடப் பலமாக அதை நோக்கிக் கத்தின. வல்லூறு தனியாகப் பதுங்கும் இரையைத் தூக்கித்தான் பழகியிருந்தது. சேர்ந்து நின்று திட்டுகிற இரையை அது கண்டதில்லை. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தரைக்கு மேலே ஒரு கணம் தடுமாறிவிட்டு, மேலேறிப் போய்விட்டது.

காட்டிலிருந்து திரும்பிய பாவாயிக்குப் பாதையிலேயே அந்த இரைச்சல் கேட்டது. என்ன விபரீதமோ என்று களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். புழக்கடையில் செங்கோடன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிக் குருவிகள் சருகைப் புரட்டிக்கொண்டும் கத்திக்கொண்டும் திரிந்தன.

"மாமா!"

"வந்துட்டியா? அதோ உன் வலப்பக்கம் ரெண்டு நிக்குது பாரு. மிதிச்சிடாத." அவள் பார்த்தாள். நின்றன. "நீ பொய் சொல்லல புள்ள" என்றான். பிறகு கொஞ்சம் பொறுத்து, "களி கிண்டறியா? பசிக்குது" என்றான்.

பாவாயி உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். தான் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமென்று, களித்துடுப்பைச் சட்டியில் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

திறந்த வாயைத் தவிட்டுக்குருவிகள் பிறகு மூடவில்லை. செங்கோடனுக்காக நாள் முழுவதும் கத்தின. கத்தியதில் தங்களுக்கும் ஒரு துணை இருப்பதைக் கண்டுகொண்டன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு புதருக்குத் திரும்பிப் போக அவற்றுக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் கூட்டாத புழக்கடையில் அவை கூட்டமாக வந்து இறங்கும். ஒன்று கிளைமேல் காவல் இருக்கும், மற்றவை சருகைப் புரட்டும். கேட்கிறவர்கள், என்ன சண்டையோ, ஓயமாட்டேன் என்கிறதே என்று அலுத்துக்கொள்கிறார்கள். அது சண்டை இல்லை. நான் இங்கே இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்வதுதான். செங்கோடன் காலை இறக்காமல் நின்ற அந்த நாளிலிருந்துதான் தவிட்டுக்குருவி தனியாகப் போவதுமில்லை, சும்மா இருப்பதுமில்லை.