இரண்டாவது குழி

“பனி தாங்குமா என்று பனியைத்தான் கேட்க முடியும். கேட்டுவிட்டேன். இன்னும் எதற்கு யோசனை?” என்றார் உலகநாதன்.

யாங்சென் அம்மா எதிரே கிடந்த பனிச்சரிவின் பக்கம் திரும்பினார். சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இமயமலையில் ஒரு கணவாய்க்குக் கீழே இருக்கும் சிறிய மடத்துக்குக் குரு அந்த அம்மா. உலகநாதனைவிடப் பல வயது இளையவர். மனைவி போன பிறகு திருநெல்வேலியை விட்டுக் கிளம்பிய உலகநாதன், எங்கெங்கோ அலைந்து அங்கே வந்து சேர்ந்தார். தியானத்தோடு பனியைப் படிக்கவும் குரு கற்றுக்கொடுத்தார். எந்தச் சரிவு ஆளைத் தாங்கும், எது ஆளையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும் என்று தெரியாமல் அங்கே குளிர்காலத்தைத் தள்ள முடியாது.

முந்தின நாள் முகட்டு வழியாக வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்திருந்தார். சரிவுக்கு அந்தப் பக்கம், கீழே இருக்கும் ஊருக்கு உலகநாதனின் மகள் கோமதி கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அம்மாவின் சாவுக்குப் பிறகு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாதவள். இன்று சாயங்கால ஜீப்பில் திரும்பிவிடுவாளாம்.

சரிவைக் கடந்தால் மதியத்துக்குள் ஊர். முகட்டைச் சுற்றிப் போனால் இருட்டிவிடும்.

விடிந்ததும் இருவரும் வந்துவிட்டார்கள். சரிவின் ஓரத்தில் உலகநாதன் குழி தோண்டினார். குழியின் சுவரில் பனியைத் தூண் போல வெட்டி, அதன் தலையில் மண்வாரியை வைத்துத் தட்டிப் பார்த்தார். தூண் அசையவில்லை. அதைத்தான் குருவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு குழி தோண்டுங்கள்,” என்றார் குரு.

நேரம் போகிறதே என்று உலகநாதன் முணுமுணுத்தார். அதே பனி, வேறென்ன சொல்லிவிடப் போகிறது என்றார்.

“அதே பனிதான். ஆனால் இந்தத் தடவை நீங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. கோமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

உலகநாதன் மண்வாரியை எடுத்தார். பழைய குழிக்குப் பக்கத்தில் குனிந்தார். நிமிர்ந்தார்.

அந்த இடத்தில் காற்று பனியைச் சீவித் தள்ளியிருந்தது. மிஞ்சிய பனி மெலிசாக, கெட்டியாக இருந்தது. சீவிய பனியெல்லாம் கொஞ்சம் தள்ளி, கடக்கவேண்டிய வழியிலேயே, ஒரு பள்ளத்தில் போய்க் குவிந்து கிடந்தது.

பள்ளத்தின் விளிம்பில் தோண்டுவதாகச் சொன்னார். குரு அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பாறையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

நெஞ்சளவு ஆழம் வரை தோண்டினார். தூணை வெட்டினார். விரலால் தட்டினார். பிறகு உள்ளங்கையால்.

தூணின் மேல்பாதி வழுக்கிக்கொண்டு அவர் காலடியில் விழுந்தது.

அடியில், ஒன்றோடொன்று ஒட்டாமல், சர்க்கரை போன்ற பனி. ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் கொட்டிப்போயிற்று.

முதல் குழி இருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“சுற்றியே போய்விடலாம், அம்மா.”

ஏறினார்கள். மடத்தில் சிக்னல் எடுக்காத போன் முகட்டில் எடுத்தது. கோமதியைக் கூப்பிட்டார். சரிவு சரியில்லை, சுற்றித்தான் வரவேண்டியிருக்கிறது, எப்படியும் இருட்டிவிடும், எனக்காக ஜீப்பை விட்டுவிடாதே என்றார்.

மறுமுனையில் குழந்தை சிணுங்குவது கேட்டது.

“நாளைக்கும் ஜீப் வரும்லா,” என்றாள் கோமதி. “பாத்து வாங்கப்பா.”

உலகநாதன் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வெகுதூரம் நடந்தார். வெயில் ஏறியிருந்தது. கீழே ஊர்க் கூரைகளின் மேல் புகை தெரிந்தது.

“பள்ளத்தில் பனி சரியில்லை என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா, அம்மா?”

“தெரியாது.”

“சந்தேகம் இருந்ததென்றால் நீங்களே தோண்டிப் பார்த்திருக்கலாமே?”

குரு சிரித்தார்.

“நானும் கெட்டியான இடமாகப் பார்த்துத்தான் தோண்டியிருப்பேன். எனக்கும் அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.”