தவசிமுத்து மூடின பானை

கூரையில எல்லாம் கடல் உப்பு படியற ஊர்ல, தன்னை மிஞ்ச ஆளில்லைன்னு நினைச்ச ஒரு காளவாய்க்காரன் இருந்தான். பேரு தவசிமுத்து. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கறது தொழில். ஊர்ல பாதிப்பேர் செஞ்ச தொழில்தான்; ஆனா தானே கண்டுபிடிச்ச மாதிரி நடப்பான்.

எங்கே, ம் சொல்லு. நல்லது.

அந்த வருஷம் குடிதண்ணிக் குளத்தோட சுவர் இடிஞ்சுபோச்சு. மழைக்கு ரெண்டு மாசம். அதுக்குள்ள கட்டலேன்னா பெய்யற மழை அத்தனையும் கடலுக்குப் போயிடும். "புகையே படாம, கொக்கு மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பு தர்றேன்"னு தவசிமுத்து ஏத்துக்கிட்டான்.

வைத்தியர் மருந்துப்பானை வாயைத் துணியும் களிமண்ணும் மாத்தி மாத்தி அப்பி அடைக்கறதை எப்பவோ எட்டிப் பார்த்திருந்தான். அதுக்குச் சீலைமண்னு பேரு. எட்டிப் பார்த்ததே அவனுக்குப் படிப்பாயிடுச்சு. பெரிய பானையில கிளிஞ்சலைக் கொட்டி, மூடி, ஏழு சுத்து சீலைமண் பூசி, வெளியே சுத்தி நெருப்பு வெச்சான்.

பெண்டாட்டி ஞானப்பூ கேட்டா: "ஏங்க, எங்கப்பா காளவாய் மேல திறந்துதானே கிடக்கும்?"

"அதான் உங்கப்பன் சுண்ணாம்பு சாம்பல் நிறம். பேசாம விறகெடுட்டி."

குபுகுபுன்னு எரிஞ்சுது. அப்புறம் ஆறவெச்சுத் திறந்து தண்ணி தெளிச்சான். வெந்திருந்தா சுர்ருனு சீறி மாவா உதிரணும். உதிர்ந்துதா? சொட். சொட். குளிப்பாட்டின கிளிஞ்சலாப் பளபளன்னு கிடந்தது.

"நெருப்பு போதலை"ன்னான். ரெட்டை விறகு. சொட், சொட்.

அப்போ "நாள் போதலை"ன்னான். மூணு நாள் விடாம எரிச்சான். சொட், சொட்.

அப்புறம் அந்த மேதாவி "கிளிஞ்சல் போதலை"ன்னான். வேகாத பண்டத்தோட இன்னும் கொஞ்சம் கொட்டினா வெந்துடுமாம்! கழுத்துவரை திணிச்சான்.

ம் சொல்லு. உள்ளே நடந்ததைக் கேளு, அவன்தான் கேட்கலை. சூடு பட்டா கிளிஞ்சல்லேர்ந்து கரியமில வாயு கழண்டு வரும், மிச்சம் சுண்ணாம்பு. மூடின பானையில அந்த வாயு எங்கே போகும்? நிறைஞ்சதும் சுண்ணாம்புலயே திரும்ப ஏறும். இந்தப் பக்கம் பத்து கழண்டா, அந்தப் பக்கம் பத்து ஏறும். வேலை ஓயலை, நிலை மட்டும் மாறலை. அதுதான் சமநிலை. ஆறும்போதோ, கழண்டிருந்த கொஞ்சமும் திரும்பக் கிளிஞ்சலாயிடும். மலைமலையா விறகெரிச்சு, போனவனையே திரும்ப வரவழைச்சான்!

நாலாவது தடவை எரியும்போதே, திணிச்ச திணிப்புல பானை விலா படீர்னு விரிஞ்சுது. ஆறினதும் தவசிமுத்து மூடியைத் திறந்து மேலாக்க தண்ணி தெளிச்சான். சொட். தலையில கைவெச்சு உட்கார்ந்தான். ஞானப்பூ விரிசலோரத்துல ஒட்டியிருந்த நாலு கிளிஞ்சலைப் பிரிச்சுத் தண்ணி விட்டா.

சுர்ர்ர்ர்!

"இந்த விரிசல் வழியா ஏதோ வெளியே ஓடியிருக்கு. அது ஓடின இடத்துலதான் வெந்திருக்கு. இனி மூடியே வேண்டாம், உடைங்க."

"ஏழு சுத்து சீலைமண்ட்டி!"

"குளம் காஞ்சா அந்த ஏழு சுத்தையும் கரைச்சுக் குடிப்பீங்களா?"

உலக்கையை எடுத்து அவனே போட்டான். டமார்!

அப்புறம் திறந்த காளவாய்ல சுட்டான். வாயு கழண்டு கழண்டு போயிட்டே இருந்தது, திரும்ப ஏற ஆளில்லை. அத்தனையும் சுண்ணாம்பு, லேசாச் சாம்பல் நிறத்துல. சுவர் எழும்பிச்சு. ஒரு மாசம் கழிச்சுத் தவசிமுத்து நகத்தால கீறிப் பார்த்துட்டு அலறினான்: "ஐயையோ, மறுபடி கல்லாகுதுட்டி!"

"பின்னே, குளத்துச் சுவர் இட்டிலியாவா ஆகணும்?"

வெளிக்காத்துல இருக்கற அதே வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் சுவர் இறுகும். பானைக்குள்ள அவனைக் கெடுத்த அதே திரும்பல், குளத்தங்கரையில ஊரைக் காப்பாத்திச்சு. சோன்னு மழை கொட்டிச்சு. சுவர் அசையலை. "என் கைப்பக்குவம்"னு இன்னும் சொல்லிட்டுத் திரியறான், வெட்கமில்லாம.

குளம் நிறைஞ்சாச்சு, கதையும் நிறைஞ்சாச்சு. இனி மூட வேண்டியது உன் கண்ணு மட்டும்தான். மூடு.