கடைசிப் பந்தி

கோவில்பட்டியில் தாண்டவராயன் கட்டிய கல்யாண மண்டபம் பெரியது. அதைவிடப் பெரியது அவர் வாய். "எட்டு வைஃபை பெட்டி மாட்டியிருக்கேன். அமெரிக்காவே தெரியும்" என்பார்.

அன்றைக்கு மணப்பெண்ணின் அப்பா தோஹாவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தார். தாலி கட்டுவதை அவர் வீடியோ அழைப்பில் பார்க்க வேண்டும். மேடைத் திரையிலோ அவர் முகம் பாதியில் உறைந்து நின்றது. கூடமெங்கும் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்து, அதே வைஃபையில் நேரலை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு பெட்டி மாட்டுங்கடா" என்றார் தாண்டவராயன்.

பந்தியில் இலை போடும் மாரிக்கனி சிரித்துவிட்டாள்.

"சிரிக்கியா? அப்போ நீ சரிபண்ணு. முடியலைன்னா நாளைலேர்ந்து இங்க வராத."

"சரி அண்ணாச்சி. பந்தியில எல்லாரும் ஒண்ணா சாம்பார்னு கத்துனா யார் இலையில ஊத்துறது? பெட்டிகளும் அப்படித்தான் ஒண்ணுமேல ஒண்ணு கத்துது. ஒரு பெட்டிய விட்டுட்டு மத்ததெல்லாம் அணைங்க" என்றவள் மைக்கை வாங்கினாள். "டிபன் கடைசிப் பந்தி. பொங்கல் தீரப்போகுது, சீக்கிரம் வாங்க."

கூடம் காலியானது. இலையில் கை வைத்தவன் எவன் போனைத் தொடுவான்? திரையில் முகம் அசைந்தது. ஆனாலும் திக்கித் திக்கித்தான்.

"இன்னும் ஒரு போன் ஓடுது அண்ணாச்சி."

தாண்டவராயன் தன் முகத்தைத் தானே நேரலையில் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அதை அணைத்துப் பைக்குள் போட்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. கடல் தாண்டி, ஊசி குத்திய ஒரு கை மெல்ல உயர்ந்தது. "நல்லா இரு தாயி" என்ற குரல் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் கேட்டது. தாண்டவராயனின் கைகள் தாமாகவே குவிந்தன.

"போய் உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் மாரிக்கனி. "உங்களுக்கும் இலை போட்டிருக்கேன்."