கால்நடை கூடாது

முன்னொரு காலத்தில், நாட்டைவிடக் காடு பெரிதாயிருந்த நாளில், ஓர் அரசருக்குத் திடீரென்று மான்கள்மேல் பாசம் பொங்கிவிட்டது. காட்டை விரிக்கச் சொன்னார். மந்திரி மழவராயர் சும்மா இருப்பாரா? எல்லைக்கல்லைப் பிடுங்கி, மேய்ச்சல் புல்வெளிக்கும் இந்தப் பக்கம் நட்டார். ஓலையும் எழுதினார்: 'கல்லுக்கு அப்பால் கால்நடை கூடாது. மீறினால் பட்டியில் அடைக்கப்படும். உரியவர் அடையாளம் சொல்லி மீட்க வேண்டும்.'

ஆட்டுக்காரி வெள்ளச்சி சபைக்கு ஓடிவந்தாள். "சாமி, அந்தப் புல்லை விட்டா எங்க ஆடுகளுக்கு வேற நாதியில்ல. பட்டினி கெடந்து செத்துப்போகும்."

"எழுதிய ஓலையில் ஓர் எழுத்தும் மாறாது" என்றார் அரசர்.

அரசவை விகடகவி சிங்காரப்பனுக்கு அவள்மேல் இரக்கம் பொங்கியது. அவனை மாட்டிவிடக் காத்திருந்த மந்திரிக்கோ வாயெல்லாம் பல். "அரசே, காவலை இவனிடமே கொடுங்கள். எழுதியபடி நடத்தாவிட்டால் நாடு கடத்துங்கள்."

"எழுதியது எழுதியபடியே நடத்துகிறேன்" என்று கும்பிட்டான் சிங்காரப்பன்.

மறுநாள், ஆடு ஏதாவது உள்ளே மேய்கிறதா என்று வேவு பார்க்க மந்திரி வந்தார். பல்லக்கை விட்டு இறங்கி, கல்லைத் தாண்டிப் புல்வெளியைச் சுற்றி நடந்தார். திரும்பி வந்ததும் சிங்காரப்பன் அவரைப் பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டான்.

செய்தி கேட்டு அரசர் குதிரையில் பறந்து வந்தார். "இதென்ன அக்கிரமம்?"

"கால்நடையாக உள்ளே போனார், அரசே. ஆடு, மாடு என்று ஓலையில் ஓர் எழுத்தும் இல்லையே!"

"நான் தினமும் உலாவும் புல்வெளி ஆயிற்றே. அப்படியானால் நானும்..."

"தங்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன். மகாராணியார் அடையாளம் சொல்லித் தாராளமாக மீட்கலாம்."

அதற்குள் மந்திரியின் மனைவி அங்கயற்கண்ணி வந்து சேர்ந்தாள். "அடையாளம் சொல்லுங்கள், அம்மா" என்றான் சிங்காரப்பன் பணிவாக.

அவள் பட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "வலக்காதில் கடுக்கன் இருக்கும். தீனி வைத்தால் மட்டும் கூப்பிட்ட குரலுக்கு வரும்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓலை மாறாது. கல் மாறலாமே! பழைய இடத்திலேயே நடுங்கள்." மந்திரியே கல்லைச் சுமந்து போனார். பின்னாலேயே வெள்ளச்சியின் ஆடுகள் புல்லில் பாய்ந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"சிங்காரப்பா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார் அரசர்.

"ஒரு குதிரை, அரசே. இந்த ஓலை இருக்கும்வரை எனக்கு நடக்கவே பயமாயிருக்கிறது."

அரசர் தாம் ஏறிவந்த குதிரையையே அவனுக்குக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே அரண்மனைக்குக் கால்நடையாகப் போனார்.