ஏழு மணித் தொடருக்கு எட்டு மென்பொருள்

தாணுமாலயனுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்பது.

குருவின் பெயர் ஜெசிந்தா. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் பதிவுப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பி, வடசேரியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தினார். கணினியைப் பிரித்துப் பூட்டவும், அதை டிவியோடு இணைத்து வீட்டுக்குள்ளேயே ஒரு தியேட்டர் அமைக்கவும் சொல்லிக்கொடுத்தார். படிக்க வந்தவர்கள் ஆறு பேர். கேள்வி கேட்டால் ஜெசிந்தா உடனே பதில் சொல்ல மாட்டார். சில சமயம் சொல்லவே மாட்டார்.

தாணுமாலயன் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். முப்பது வருடம் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் கோடு இழுத்தவர். ஓய்வுக்குப் பிறகு அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் வாசலுக்குப் போனார். வாசலுக்குப் போனதும் எதற்கு வந்தோம் என்று யோசித்தார்.

வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதம் தன் கையாலேயே ஒரு கணினியைக் கட்டினார். டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. டிஷ்ஷிலிருந்து வரும் வயரை வாங்கிக்கொள்ள ஒரு ட்யூனர் கார்டு. ஒரு வருடத்து நிகழ்ச்சிகளைக் கொள்ளும் ஹார்டு டிஸ்க்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய ஒரு மென்பொருள்.

"டீச்சர், எது நல்லது?"

"சும்மா கெடைக்கதுல எதையாவது போடுங்க அண்ணாச்சி. எது கைக்குப் பழகுதோ அது நல்லது."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை.

முதல் மென்பொருள் மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் நான்கு நிமிடம் தாமதமாகப் பதிவைத் தொடங்கியது. மறுநாள் காலை அதைத் தூக்கிவிட்டார். இரண்டாவது, விளம்பரங்களைத் தானே வெட்டும் என்றார்கள். வெட்டியது. கூடவே கதாநாயகி அழும் காட்சியையும் விளம்பரம் என்று நினைத்து வெட்டியது. மூன்றாவது தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகக் காட்டியது. நான்காவதில் எழுத்து எறும்பு அளவு. ஐந்தாவதைப் பற்றி இணையத்தில் யாரோ குறை எழுதியிருந்ததைப் படித்தார். அதற்கு மேல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி ஆறாவதைப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை போன் செய்வார். வியாழக்கிழமை செய்வார். சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து படியில் நிற்பார்.

"டீச்சர், இப்போ ஒண்ணு புதுசா வந்திருக்காம்லா."

"இருக்கும்."

"போட்டுப் பாக்கவா?"

"பாருங்க."

ஏழு மாதம் போனது. ஏழு மென்பொருள் போனது.

அடுத்த சனிக்கிழமை தாணுமாலயன் கையில் ஒரு பெரிய காகிதச் சுருளோடு வந்தார். மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். ஒன்பது மென்பொருள்களின் பெயர்கள் இடப்பக்கம். இருபத்து மூன்று குணங்கள் மேலே. நடுவே சிவப்பு மையில் சரி, தவறு. பாலத்துக்கு வரைபடம் போடுகிற அதே சுத்தம்.

மற்ற மாணவர்கள் கூடிவந்து பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஜெசிந்தா தாளை வெகுநேரம் பார்த்தார்.

"கோடு ரொம்ப நேரா வந்திருக்கு அண்ணாச்சி."

"அது கெடக்கட்டும் டீச்சர். எதை எடுக்க?"

"இது யாருக்கு?"

"எது?"

"இந்தப் பதிவெல்லாம்."

"வீட்டுக்காரிக்கு. பகவதிக்கு. அவ பெரியாஸ்பத்திரியில நர்ஸுல்லா. மத்தியான ஷிப்டு. வீட்டுக்கு வர எட்டரை ஆயிரும். ஏழு மணிக்கு ஒரு தொடர் போடுதான். அவளுக்கு அதுன்னா உயிரு. தினமும் விட்டுப்போவுது. அதுக்காகத்தான் இந்தப் பெட்டியே."

"பாக்காங்களா?"

சிவப்புக் கட்டங்களின் மேல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய விரல் நின்றது.

"ஒண்ணுகூடப் பாக்கல டீச்சர். நூத்தி எண்பத்திரண்டு பாகம் கெடக்கு. அதுக்குத்தான் நான் இந்த அலைச்சல் அலையேன். எங்கேயோ ஒரு கொறை இருக்கு. ரிமோட்டை எடுக்கா, வைக்கா. மெனு புரியலையோ, எழுத்துத் தெரியலையோ, வாயைத் திறந்து சொல்லவும் மாட்டேங்கா."

"பெட்டி வரதுக்கு முந்தி என்ன செய்வாங்க?"

"முந்தி என்ன. வந்து சாப்பிட உக்காருவா. இன்னைக்குக் கதையில என்ன ஆச்சுன்னு கேப்பா. நான் பாத்ததைச் சொல்லுவேன். வாயால சொல்லுதது பாக்கதுக்கு ஈடாவுமா? பாதியை விட்டுருவேன். மீதியை அந்த மாமியாக்காரியைத் திட்டிக்கிட்டே சொல்லுவேன். அவளை மாதிரியே நடந்துகூடக் காட்டுவேன்."

"இப்போ கேக்க மாட்டாங்களோ?"

"பெட்டியில கெடக்கு, போட்டுப் பாருன்னு சொன்னேன். பொறவு கேக்கல."

ஜெசிந்தா ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தாள் தானாகச் சுருண்டுகொண்டது.

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வாரேன். பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை தாணுமாலயன் விடிந்ததிலிருந்து நிற்கவில்லை. எட்டாவது மென்பொருளை ஏற்றினார். மூன்று தடவை சோதித்தார். பெட்டியின் மேல் தூசு துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பகவதிக்கு அன்று வார விடுமுறை. அடுக்களையில் இருந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு ஜெசிந்தா வந்தார். பகவதி காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

"எந்த வார்டுல இருக்கீங்க அக்கா?"

"கொறமாசப் பிள்ளையளு வார்டு. மாத்தி அஞ்சு மாசமாச்சு."

ரிமோட்டின் மின்கலத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தாணுமாலயன் திரும்பினார்.

"நீ பிரசவ வார்டுலல்லா?"

"அது அதுக்கு முந்தி."

ஜெசிந்தா காப்பியை ஆற்றினார்.

தாணுமாலயனுக்குப் பொறுக்கவில்லை. ரிமோட்டைப் பகவதியிடம் நீட்டினார்.

"டீச்சர் பாக்கணும். நேத்தைய பாகத்தை எடு பாப்போம். பதறாதே. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

பகவதி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு ரிமோட்டை வாங்கினார். நான்கு தட்டு. நேற்றைய பாகம் வந்தது. விளம்பரம் வந்த இடத்தில் ஒரு தட்டு, அதைத் தாண்டியது. சத்தத்தை முழுக்கக் குறைத்தார். பிறகு தாணுமாலயன் இதுவரை போகாத ஓர் அறைக்குள் போகிறவர்போல ஏதோ ஒரு மெனுவுக்குள் போய்த் திரும்பினார். திரையில் இருந்த எழுத்துகள் பெரிதாயின.

"எழுத்து சின்னதா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தியள்லா. இங்க மாத்தலாம்."

தாணுமாலயன் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வார்டுல ஒரு பிள்ளைக்கு நாலு மிஷின் ஓடும். எல்லாத்துக்கும் மெனு உண்டு. அதுலதான் கை தப்பக்கூடாது."

"பின்ன ஏன் ஒண்ணுகூடப் பாக்கல?"

திரையில் மாமியார் சத்தமில்லாமல் கத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது," என்றார் பகவதி. "எந்நேரமும் ஒருத்தி அழுதுகிட்டு இருப்பா. அதுதான் நான் வார்டுல தினமும் பாக்கேனே."

"தினமும் விடாமக் கேப்பியே!"

"நீங்க சொல்லுதது பிடிக்கும்."

ரிமோட்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பில் இருந்ததைப் பார்க்கப் போனார்.

தாணுமாலயன் நின்றார். உட்கார்ந்தார். உடனே எழுந்து ஜெசிந்தாவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ, சாப்ட்வேர் டீச்சர்?"

"எட்டாவது நல்லாத்தான் ஓடுது. இனி அதைத் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா விடைபெற்றார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குத் தாணுமாலயன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஏழு மாதமாக அந்த நேரத்தில் அவர் டிவிக்கு முன்னால்தான் இருந்தார், ஆனால் தொடரைப் பார்க்கவில்லை. பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்புப் புள்ளியைப் பார்த்திருந்தார். சரியான நேரத்தில் தொடங்கியதா, விளம்பரத்தில் நின்றதா, கோப்பின் அளவு கூடுகிறதா என்று பார்த்திருந்தார். கதை அவரை விட்டுவிட்டு வெகுதூரம் போயிருந்தது. மருமகளின் இடத்தில் வேறொரு பெண் இருந்தாள். அவர் நாள்தோறும் திட்டித் தீர்த்த மாமியார் சக்கர நாற்காலியில் இருந்தார். எல்லோரும் அவருக்குக் கஞ்சி ஊட்டினார்கள். திட்டுவதா, பாவம் என்பதா என்று தெரியவில்லை.

எட்டரை மணிக்குப் பகவதி வந்தார். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தாணுமாலயன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஏழு மணிக்குப் பாத்தேன்," என்றார்.

பகவதி நிமிர்ந்தார். "ம்."

"ஒரு பொண்ணு வந்தா. யாருன்னு தெரியல."

"ம்."

"மாமியா நாற்காலியில இருக்கா. என்ன ஆச்சோ, தெரியல."

"சரி."

"எல்லாரும் கஞ்சி குடுக்காங்க."

பகவதி சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரித்தார். தாணுமாலயன் அடுத்ததைத் தேடினார். ஒன்றும் இல்லை. சிரிப்பு தானாக ஓய்ந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த பகவதியின் கை ஓய்ந்து தட்டிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவர் எதையோ நினைத்துக்கொண்டிருந்தார். தாணுமாலயன் அந்தக் கையைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார். திரும்ப எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

பகவதி எழுந்து தட்டைக் கழுவினார்.

செவ்வாய்க்கிழமை காலை தாணுமாலயன் பெட்டியைத் திறந்து முதல் பாகத்திலிருந்து தொடங்கினார். பகவதி மத்தியானம் வேலைக்குப் போன பிறகும் பார்த்தார். ஒரு பாகம் பார்ப்பார். எழுந்து முற்றத்தில் நடப்பார். வந்து இன்னொன்று பார்ப்பார். சில பாகங்களை வேகமாக ஓட்டினார். ஓட்டிய பிறகு என்ன நடந்தது என்று தெரியாமல் திரும்பப் பின்னோக்கி ஓட்டினார். மருமகள் வீட்டை விட்டுப் போன பாகத்தில் தனியாக உட்கார்ந்து மாமியாரைச் சத்தமாகத் திட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டில் ஏழு மாதத்துக்கு முந்திய கதையை எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றும் சும்மா இருந்தார். புதனும் சும்மா இருந்தார். பகவதி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மாடியேறினார். ஜெசிந்தா ஒரு பழைய மதர்போர்டை விளக்குக்குக் கீழே வைத்துத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், முப்பத்தொண்ணுதான் முடிச்சிருக்கேன். கண்ணு எரியுது. வேகமா ஓட்டினா ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்கு. கதையைச் சுருக்கித் தாற சாப்ட்வேர் ஏதாவது உண்டா?"

ஜெசிந்தா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்."

"அப்படின்னா முழுசாப் பாத்து முடிக்க இன்னும் ஒரு மாசம் ஆவும்."

"ஆவட்டும்."

"நீங்க சுளுவாச் சொல்லிட்டியளே. அவ தினமும் வாரா. கையைக் கழுவுதா. சாப்பிட உக்காருதா. எதிர்ல நான் இருக்கேன். சொல்ல ஒண்ணும் இல்லை. மிளகாய் வேணுமா, மோர் வேணுமான்னு எத்தனை தடவை கேக்க? அந்த ஒரு மாசமும் நான் என்ன டீச்சர் செய்ய?"

கீழே மாணவர்கள் வண்டிகளை நிறுத்தும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா தூரிகையை மேசைமேல் வைத்தார்.

"அதுவரைக்கும் அவங்களைச் சொல்லச் சொல்லி நீங்க கேளுங்க."

"எதை?"

"இந்த அஞ்சு மாசமா அந்த வார்டுல அவங்க பாத்ததை."