மலைப்பாம்பு எடுத்த அளவு

ஆற்றங்கரை நாவல் மரத்தடியில் குட்டி விலங்குகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. கரடி தலைமையாசிரியர். ஆமை கணக்கு வாத்தியார். சின்னக் குட்டிகளுக்குப் பாடம் சொன்னது ஆட்காட்டிக் குருவி.

ஆட்காட்டிக்குப் பிறவியிலேயே ஒரு குணம். எது அசைந்தாலும் கத்திவிடும். சருகு விழுந்தால் கத்தும். விழாவிட்டால், "ஏன் இன்னும் விழவில்லை?" என்று கத்தும்.

"டீச்சர், இனிமேல் என் அனுமதி இல்லாமல் கத்தக் கூடாது!" என்று கரடி உத்தரவு போட்டது. அன்றிலிருந்து ஆட்காட்டி கத்தலை விழுங்கிக்கொண்டது. விழுங்கி விழுங்கி அதற்கு விக்கல் பிடித்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மலைப்பாம்பு வந்து சேர்ந்தது. நாவல் மரக் கிளையிலிருந்து தரைவரை சாய்வாகப் படுத்துக்கொண்டு, "குழந்தைகளா, என்மேல் சறுக்கி விளையாடுங்கள்! எல்லாம் இலவசம்!" என்றது.

கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. "சறுக்குமரம் உள்ள பள்ளிக்கூடம் இந்தக் காட்டில் நம்முடையது ஒன்றுதான்!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

விளையாட்டு முடிந்ததும் மலைப்பாம்பு ஒரு குட்டியைச் சுற்றி வளைத்து மெல்ல இறுக்கிப் பார்க்கும். "அளவு எடுக்கிறேன். பிள்ளை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?" என்று சிரிக்கும்.

"என்ன அக்கறை! என்ன அக்கறை!" என்று கரடி உருகும்.

துத்தி என்ற முயல் குட்டிதான் சறுக்குவதற்கு முதலில் ஓடும். சில நாளாக அது ஓடவில்லை. மரங்கொத்தி விளையாட்டு மணி அடித்ததும் ஆட்காட்டியின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கொண்டுவந்த அறுகம்புல்லையும் தொடவில்லை.

"ஏன் கண்ணு, விளையாடப் போகலையா?"

"காது வலிக்குது டீச்சர்."

மறுநாள் கால் வலித்தது. அதற்கு மறுநாள் வால் வலித்தது.

"உனக்கு இருக்கிறதே துளியூண்டு வால். அதில் வலி எங்கே போய் உட்காரும்?" என்றது ஆட்காட்டி.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற துத்தி அதற்குச் சிரிக்கவில்லை. ஆட்காட்டிக்கு விக்கல் சட்டென்று நின்றுவிட்டது. "என்ன ஆச்சு கண்ணு? என்கிட்ட சொல்லு," என்றது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்."

"அந்தச் சத்தியம் மட்டும் என்னால பண்ண முடியாது கண்ணு. உன்னைக் காப்பாத்தக் கூடியவங்ககிட்ட சொல்லுவேன். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

துத்தியின் மூக்கு கொஞ்ச நேரம் துடித்தது. "பாம்பு மாமா தினமும் என்னையே அளக்கிறார். மூச்சு முட்டுது. வெளியே சொன்னா அம்மா இருக்கிற புதருக்கு வருவேன்னார்."

"நீ சொன்னது ரொம்ப நல்லது. உன்மேல ஒரு தப்பும் இல்லை," என்றது ஆட்காட்டி.

அது நேராக ஆமையிடம் போயிற்று.

"எனக்கு ஒன்றும் தெரியாது! நான் அப்போது ஓட்டுக்குள் இருந்தேன்!" என்றது ஆமை.

"எப்போது என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே, சார்?"

"எப்போதாக இருந்தாலும் ஓட்டுக்குள்தான் இருந்தேன்!" என்று தலையை இழுத்துக்கொண்டது.

கரடியோ காதைப் பொத்திக்கொண்டது. "சறுக்குமரம் போய்விட்டால் நீங்களா டீச்சர் வந்து படுப்பீர்கள்? சரி, முறைப்படி விசாரிக்கிறேன்."

முறைப்படி விசாரணை நடந்தது. மலைப்பாம்பை மரியாதையாக வரவழைத்தார்கள். உட்கார வேறு இடம் இல்லை என்று துத்தியை அதன் சுருள்மேலேயே உட்கார வைத்தார்கள்.

"பயப்படாமல் சொல். மாமா உன்னை ஏதாவது செய்தாரா?" என்று கரடி கேட்டது. துத்தியின் காதோரம் மலைப்பாம்பின் நாக்கு நீண்டு நீண்டு மடங்கியது.

"இல்லை சார்," என்றது துத்தி.

"விசாரணை முடிந்தது!" என்றது கரடி.

"பாவம், பிள்ளை களைத்திருக்கிறது. பள்ளி விட்டதும் நானே வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன்," என்றது மலைப்பாம்பு.

"என்ன அக்கறை!"

ஆட்காட்டி துத்தியிடம் குனிந்து, "நான் வரும்வரை மற்ற குட்டிகளோடு சேர்ந்தே இரு," என்று சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிப் பறந்தது. குட்டிகளுக்கு ஆபத்து என்றால் யானைக்கூட்டத்தின் தலைவியான யானையம்மாவிடம் சொல்வதுதான் அந்தக் காட்டின் வழக்கம். கரடிக்கு அது வசதியாக மறந்துபோயிருந்தது.

'இதுவும் சருகாக இருந்தால்? சிரிக்கட்டும். சருகாக இல்லாவிட்டால்?' என்று நினைத்தபோதே சிறகில் வேகம் கூடியது. யானைகளைக் கண்டதும், விழுங்கி வைத்திருந்த கத்தல் எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தியது.

யானையம்மா சாட்சி கேட்கவில்லை. "பிள்ளை இப்போது எங்கே?" என்றுதான் கேட்டது.

அவர்கள் வந்து சேரும்போது பள்ளி விடும் மணி அடித்துக்கொண்டிருந்தது. மலைப்பாம்பு துத்தியைப் பாதி வளைத்திருந்தது. யானையம்மா முதலில் துத்தியைத் தூக்கித் தன் முதுகில் வைத்துக்கொண்டது. பிறகுதான் பேசியது.

"அளவு எடுப்பதில் நீ கெட்டிக்காரனாமே? என்னை அளந்து பார்."

"ஹி ஹி! அம்மா கொஞ்சம் பெரிய அளவு!"

"கரடியாரை?"

"அவரும் பெரிய அளவுதான்."

"ஆமை வாத்தியார் சின்னவர்தானே? அவரை அள."

"ஐயோ, ஓடு கெட்டி அம்மா! தொண்டையில் சிக்கிக்கொள்ளும்!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டது மலைப்பாம்பு.

ஆமை தலையோடு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"அளப்பதற்குத் தொண்டை எதற்கு?" என்றது யானையம்மா. பதில் வருமுன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், பாம்பை மலைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தது. இனி இந்தப் பக்கம் தலை தெரிந்தால் மிதிதான் என்றும் சொல்லி அனுப்பியது.

"எனக்கு ஒன்றுமே தெரியாது அம்மா!" என்று கரடி நடுங்கியது.

"தெரியப்படுத்தத்தானே ஆட்காட்டி உங்களிடம் வந்தாள்? காதைப் பொத்தினால் எப்படித் தெரியும்? இனிமேல் கத்துவதற்கு இவள் யாரிடமும் அனுமதி கேட்க மாட்டாள்."

பிறகு கரடி மூங்கில் சுமந்து வந்து ஒரு சறுக்குமரம் கட்டியது. வழவழப்பாக இருக்கிறதா என்று ஆமையை முதுகுப்பக்கமாக உருட்டிவிட்டுச் சோதித்தார்கள். துத்தி சில நாள் தள்ளி நின்றே பார்த்தது. ஒரு நாள் மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடியது.

"வால் வலி போச்சா கண்ணு?" என்று கத்தியது ஆட்காட்டி.

துத்தி சிரித்துக்கொண்டே சறுக்கியது.

ஒரு குழந்தைக்கு ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டால், பள்ளியின் பெயரையும் பெரியவர்களின் முகத்தையும் பார்த்துக்கொண்டிராமல், அதைக் காப்பாற்றக் கூடியவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.